இறவை மோட்டாரின் ஆயுள் கம்பி இணைப்பில் இருக்கிறது

நிலக்கடலைப் பயிரில் பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் ஆகிய மூன்றிலும் மண்ணில் ஈரம் குறையக் கூடாது என்பது விவசாயப் பெருமக்கள் அனைவரும் அறிந்ததே. மண் இறுகினால் விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்காத விழுது காயாவதில்லை. ஆகவேதான் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நீர் கட்ட வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். ஆனால் அந்த நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவரும் மோட்டார் சரியான சமயத்தில் ஓடுமா என்பதைப் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை.

ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள சந்தவாசல் பகுதியில் கிணற்றுப் பாசனமே பல குடும்பங்களுக்கு ஆதாரம். தறி நெசவும் வேளாண்மையும் சேர்ந்து நடக்கும் வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு விவசாயியின் வயலை மாசி மாதத்தில் பார்வையிட நேர்ந்தது. மார்கழிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை 45 நாள் பயிராக நின்றது. இலைகள் நண்பகலில் வாடிக் கிடந்தன. ‘‘போன மாசந்தான் சார் காயில் கட்டினேன். மறுபடியும் புகைஞ்சிடுச்சி. வோல்டேஜ் சரியில்லன்னு சொல்றாங்க’’ என்றார் அவர்.

கிணற்று மேட்டிற்குச் சென்று பார்த்தோம். மோட்டாருடன் வந்த கேபிள் ஸ்டார்ட்டர் வரை எட்டாததால் வேறொரு கம்பியை ஒட்டுப் போட்டிருந்தனர். இரு கம்பிகளின் முனைகளையும் சேர்த்து முறுக்கி, மேலே டேப் சுற்றி, அந்த ஒட்டைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டிருந்தனர். மின்பணியாளர் மெயினை அணைத்து டேப்பைப் பிரித்தபோது, மூன்று கம்பிகளில் இரண்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூன்றாவது கம்பி கருகி, தொட்டவுடன் உதிர்ந்தது. இரண்டு முறையும் மோட்டாரைப் புகைய வைத்தது அந்த ஒட்டுதான். வீட்டு அம்மா அப்போதுதான் சொன்னார்: பத்து நாளாக இரும்புக் குழாயைத் தொட்டால் கையில் சுரீர் என்றதாம்.

மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மீண்டும் இறக்க ஒரு வாரம் ஆயிற்று. விழுது இறங்க வேண்டிய வாரம் அது. பயிருக்கு நேர்ந்த இழப்பை அடுத்த பாசனத்தால் ஈடு செய்ய முடியவில்லை. உயிருக்கு ஆபத்து நேராமல் போனது நல்வாய்ப்பே. சில ரூபாய் விலையுள்ள மூன்று இணைப்புகள் சரியாக அமைந்திருந்தால் இவை எதுவும் நிகழ்ந்திருக்காது. எனவே இறவை மோட்டாருக்குக் கம்பி இணைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

இணைப்பு ஏன் பலவீனமான இடம்?

5 குதிரைத் திறனுள்ள மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 8 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் ஓடத் தொடங்கும் சில நொடிகளில் இதைப் போல் ஆறு மடங்கு வரை எடுப்பதுண்டு. மின்சாரம் செல்லும் வழியில் தடை இருந்தால் அங்கு வெப்பம் உண்டாகும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, வரும் தொகையைத் தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு வாட்டில் கிடைக்கும்.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை 100 மீட்டருக்கு சுமார் 0.75 ஓம். 8 ஆம்பியர் செல்லும்போது 100 மீட்டரிலும் சேர்ந்து 48 வாட் வெப்பம் உண்டாகும். இவ்வளவு நீளத்தில் அது பரவி ஆறிவிடுவதால் கம்பி சூடாவது கைக்குக்கூடத் தெரியாது. ஆனால் தளர்ந்தும் களிம்பேறியும் போன ஒட்டில் 0.5 ஓம் தடை இருந்தால், கட்டை விரல் அளவுள்ள அந்த ஒரே இடத்தில் 32 வாட் வெப்பம் உண்டாகிறது. வானொலி பழுது பார்ப்போர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறிய பற்றவைப்புக் கோலே 25 வாட்தான். அந்த அளவு வெப்பத்தை டேப் சுற்றி மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சூடேறிய செம்பு காற்றுப்பட்டு மேலும் களிம்பேறும். களிம்பால் தடை கூடும். தடை கூடியதால் வெப்பமும் கூடும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, ஒரு நாள் அந்தக் கம்பி அறுந்துவிடுகிறது. மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. மீதி இரண்டு கம்பிகளிலும் சுமார் 1.7 மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு உறுமியபடி ஓடும். ஸ்டார்ட்டரின் ரிலே சரியாக அமைக்கப்படாமல் இருந்தாலோ, பியூஸில் தடித்த கம்பி போட்டிருந்தாலோ, சில நிமிடங்களில் காயில் கருகும். பழியோ வோல்டேஜ் மேல் விழுகிறது. வோல்டேஜ் குறைவாலும் மோட்டார் எரிவதுண்டு. ஆயினும், ஒரே மோட்டார் மறுபடி மறுபடி எரிந்தால் முதலில் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

இலவச மின்சாரம் பெறும் இணைப்புகளுக்குக் கட்டணச் சீட்டு வருவதில்லை. ஆகவே ஒட்டில் வீணாகும் மின்சாரம் நம் கண்ணுக்குப் படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

படகுகளிலிருந்து ஒரு பாடம்

ஈரத்தில் மின்சாரத்தைக் கையாளும் அனுபவம் நம்மைவிடப் படகு கட்டுவோருக்கு அதிகம். விசைப்படகில் உப்புக் காற்று கம்பியை அரிக்கிறது. இஞ்சின் அதிர்வு இணைப்பைத் தளர்த்துகிறது. நடுக்கடலில் விளக்கோ நீர் இறைக்கும் பம்போ நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே படகுகளில் மின்கம்பி இணைப்புக்குக் கண்டிப்பான முறைகள் ஏற்பட்டுள்ளன. அமெரிக்கப் படகுக் குழு என்னும் தரநிர்ணய அமைப்பின் விதிகள் பல நாடுகளில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் நமக்குப் பயன்படுபவை இவை:

1. ஒற்றைத் தடிக் கம்பி கூடாது. பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பியே வேண்டும். ஒற்றைக் கம்பி அதிர்வில் வளைந்து வளைந்து முறியும்.

2. முனைகளை முறுக்கி மேலே குல்லாய் மாட்டும் இணைப்பு கூடாது.

3. ஈயப் பற்று மட்டும் இணைப்பைத் தாங்கி நிற்கக் கூடாது. இணைப்பு சூடானால் ஈயம் இளகிவிடும். ஈயம் ஊறிய இடத்தில் கம்பி விறைத்து, அதன் விளிம்பில் முறியும்.

4. கம்பியின் பருமனுக்கு ஏற்ற லக்கை அதற்குரிய கருவியால் நெரித்துப் பொருத்த வேண்டும்.

5. இணைப்பின் மேல் கம்பியின் எடை தொங்கக் கூடாது. கம்பியை ஆங்காங்கே பிடித்துக் கட்ட வேண்டும்.

நம் கிணற்றிலும் ஈரம் உண்டு, அதிர்வு உண்டு. கடல் உப்பு இல்லையே என்று எண்ண வேண்டாம். பம்பு அறையில் நாம் அடுக்கி வைக்கும் உர மூட்டைகள் அக்குறையைத் தீர்த்துவிடுகின்றன. மியூரேட் ஆப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு; ஈரத்துடன் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். யூரியாவும் அம்மோனியம் கலந்த உரங்களும் ஈரம் பட்டுச் சிதையும்போது வெளிவரும் அம்மோனியா ஆவி செம்பையும் பித்தளையையும் தாக்கும். ஸ்டார்ட்டர் இருக்கும் அறையில் உரம் வைப்பதையும், சொட்டுநீர்ப் பாசனத்திற்கு உரம் கரைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

தறிக்காரர்கள் பழைய பாவின் நூல் முனையோடு புதிய பாவின் முனையை முறுக்கி இணைப்பதை இப்பகுதியில் அனைவரும் பார்த்திருப்பார்கள். நூலுக்கு முறுக்கு போதும். அது இழுவையை மட்டும் தாங்கினால் சரி. கம்பி இழுவையோடு மின்சாரத்தையும் சுமக்கிறது. முறுக்கிய கம்பியில் இழைகள் சில இடங்களில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. இடைவெளிகளில் காற்றும் ஈரமும் புகுந்துவிடும். நெரித்த லக்கிலோ இழைகளும் லக்கும் ஒரே உலோகக் கட்டி போல இறுகிவிடுவதால் காற்று புக இடமில்லை.

லக் வகைகளும் தேர்வும்

வளைய லக்: முனையில் முழு வட்டமான துளை உள்ளது. மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலும், திருகு ஆணியில் மாட்டும் ஸ்டார்ட்டரிலும், எர்த் இணைப்பிலும் இதையே பயன்படுத்த வேண்டும். நட் சற்றுத் தளர்ந்தாலும் லக் ஆணியை விட்டுக் கழன்று விழாது.

கவை லக்: முனை கவட்டை போல் பிளந்திருக்கும். திருகைக் கழற்றாமலே மாட்டலாம் என்பதால் மின்பணியாளர்கள் விரும்புவர். ஆனால் திருகு தளர்ந்தால் நழுவிவிடும். அதிர்வுள்ள மோட்டாருக்கு இது ஏற்றதன்று.

ஊசி லக்: திருகு அழுத்திப் பிடிக்கும் துளையுள்ள டெர்மினல் கட்டைகளுக்கு ஏற்றது. இழைகள் சிதறாமல் காக்கும்.

குழல் இணைப்பு: இரு கம்பிகளை நேருக்கு நேர் சேர்க்க உதவும் சிறு செம்புக் குழல். ஒட்டுப் போடுவது தவிர்க்க முடியாதபோது முறுக்குவதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்த வேண்டும்.

லக்குகள் வெள்ளீயப் பூச்சுள்ள செம்பால் ஆனவையாக இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எதற்கோ, அதற்காகவே இந்தப் பூச்சும். பிளாஸ்டிக் உறையுள்ள லக்குகளில் நிறமே அளவைக் காட்டும். சிவப்பு உறை 0.5 முதல் 1.5 வரையும், நீல உறை 1.5 முதல் 2.5 வரையும், மஞ்சள் உறை 4 முதல் 6 வரையும் சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு உரியவை. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மஞ்சள் லக்கைப் போட்டு, நிரப்புவதற்குக் கம்பியை மடித்துத் திணிப்பதும், பெரிய கம்பியைச் சிறிய லக்கில் நுழைக்க இழைகளை வெட்டுவதும் ஒருபோதும் கூடாது. துளையின் அளவு டெர்மினல் ஆணிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பெரிய துளையுள்ள லக் சாய்ந்து உட்காரும்; தொடும் பரப்பு குறையும்.

அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும்

மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி அலுமினியமாகவும், உள்ளே செல்வது செம்பாகவும் இருப்பதுண்டு. இவ்விரண்டையும் நேரடியாகச் சேர்த்து முறுக்குவது மிகத் தவறாகும். இரு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு பாட்டரி போல் ஆகி அலுமினியத்தை அரித்துத் தின்னும். மேலும், சூடேறும்போது அலுமினியம் செம்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். விரிந்து சுருங்கி நாளடைவில் இணைப்பு தளரும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இத்தகைய இடத்தில் செம்பும் அலுமினியமும் சேர்த்துச் செய்த இருஉலோக லக்கைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும். கம்பத்திலும் மீட்டருக்கு முன்னும் உள்ள இணைப்புகளை மின்வாரியப் பணியாளர் மட்டுமே தொட வேண்டும்.

லக் பொருத்தும் முறை

இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். ஆனால் சரியாகச் செய்கிறாரா என்பதை விவசாயி அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

1. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்டரால் மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

2. லக்கின் குழல் நீளத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் கம்பியின் உறையை உரிக்க வேண்டும். இழை ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது. செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை கம்பியை வெட்டி நீக்க வேண்டும்.

3. எல்லா இழைகளையும் லக்கினுள் செலுத்தி, நெரிக்கும் கருவியின் உரிய பள்ளத்தில் வைத்து முழுவதும் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் நெரிப்பு ஆகா.

4. ஒரு கையில் லக்கையும் மறு கையில் கம்பியையும் பிடித்து வலுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் வெட்டி எறிந்துவிட்டு வேறு லக் போட வேண்டும்.

5. லக்கின் கழுத்தில், சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை ஏற்றிச் சுருக்க வேண்டும். உட்புறம் பசையுள்ள குழாய் ஈரம் புகாமல் தடுக்கும். இக்குழாயை லக் நெரிப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும்.

6. ஆணியில் முதலில் லக், அதன் மேல் தட்டை வாஷர், பின் ஸ்பிரிங் வாஷர், இறுதியில் நட் என்ற வரிசையில் முடுக்க வேண்டும். லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவில் வாஷர் போடக் கூடாது.

நீருக்குள் இருக்கும் ஒட்டு

நீர்மூழ்கி மோட்டாருடன் சில மீட்டர் தட்டைக் கேபிள் மட்டுமே வரும். ஆழ்குழாய்க் கிணற்றில் அதனுடன் நீளக் கேபிளைச் சேர்க்கும் ஒட்டு நீருக்குள்ளேயே இருக்கும். ஆகவே இதில் தனிக் கவனம் வேண்டும். மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் ஒட்டாமல், ஒன்றுக்கொன்று சில அங்குலம் தள்ளி ஒட்டினால் ஒட்டுகள் ஒன்றையொன்று தொடா. ஒவ்வொரு ஒட்டையும் குழல் இணைப்பால் நெரித்து, பசையுள்ள சுருங்கு குழாயால் தனித்தனியே மூடி, மூன்றுக்கும் சேர்த்து மேலே ஒரு பெரிய சுருங்கு குழாயோ, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்போ போட வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் டேப் நீருக்குள் பயன்படாது.

மோட்டாரை இறக்குமுன் ஒட்டை மட்டும் ஒரு வாளி நீரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் 500 வோல்ட் மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்ல வேண்டும். கம்பிக்கும் நீருக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இறக்கவே கூடாது. நல்ல புதிய ஒட்டு இதைவிடப் பல மடங்கு காட்டும். கேபிளைக் குழாயோடு சுமார் 3 மீட்டருக்கு ஓர் இடத்தில் கட்டினால் அதன் எடை ஒட்டின் மேல் விழாது. திறந்த கிணற்றிலோ, மழைக்காலத்தில் நீர் ஏறும் மட்டத்துக்கும் மேலே சுவரில் மூடிய பெட்டி அமைத்து, அதற்குள் டெர்மினல் கட்டையில் இணைப்பதே சிறந்தது. நீளமான கேபிளை ஒரே துண்டாக வாங்கி ஒட்டே இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது.

எர்த் இணைப்பு

எர்த் கம்பியில் சாதாரணமாக மின்சாரம் செல்வதில்லை. ஆகவே அது அறுந்தாலும் மோட்டார் ஓடும், யாருக்கும் தெரியாது. மின்கசிவு ஏற்படும் நாளில்தான் அது தேவைப்படும். மோட்டாரின் உடல், ஸ்டார்ட்டர் பெட்டி, இரும்புக் குழாய் ஆகியவற்றை வளைய லக் மூலம் எர்த் கம்பியுடன் இணைக்க வேண்டும். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி நீக்க வேண்டும். மின்கசிவின்போது தானே அணையும் பாதுகாப்புச் சுவிட்சு ஒன்றையும் பொருத்திக்கொள்வது நலம். குழாயிலோ வாய்க்கால் நீரிலோ சிறிதளவு சுரீர் என்றாலும், ‘இன்று ஒரு நாள் ஓடட்டும்’ என்று எண்ணாமல் உடனே மெயினை அணைக்க வேண்டும். பயிர் ஒரு நாள் வாடினால் தேறிவிடும்.

பருவந்தோறும் பார்வை

ஆடிப்பட்ட விதைப்புக்கு முன்னும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பட்டம் தொடங்கும் முன்னும், ஆக ஆண்டுக்கு இரு முறை எல்லா இணைப்புகளையும் சோதித்துவிட வேண்டும். நிறம் மாறிய லக், உருகிய உறை, பச்சைக் களிம்பு, கருகிய வாடை, ஸ்டார்ட்டரில் வழக்கத்துக்கு மாறான இரைச்சல் ஆகியவை அபாய அறிகுறிகள். ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, அணைத்து, பியூஸைப் பிடுங்கி, டெஸ்டரால் பார்த்த பின் ஒவ்வொரு இணைப்பையும் மின்பணியாளர் தொட்டுப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் குறை அங்கேதான் உள்ளது. கேபிள் வாங்கும்போது இந்தியத் தரநிர்ணயக் குறியீடு உள்ளதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

நான் கண்ட அந்த விவசாயி இப்போது சுவரில் ஒரு பெட்டி அமைத்து, வளைய லக் போட்டு இணைத்துள்ளார். உர மூட்டைகளும் வேறு அறைக்குச் சென்றுவிட்டன. அடுத்த மார்கழிப் பட்டத்தில் விழுது இறங்கும் வரையிலும் அதன் பின்னரும் மோட்டார் தடையின்றி ஓடியது. விதைக்கும் உரத்துக்கும் செய்யும் செலவு பலன் தர வேண்டுமானால், உரிய நாளில் நீர் பாய வேண்டும். எனவே விவசாயப் பெருமக்கள் அடுத்த பட்டம் தொடங்குமுன் தத்தம் கிணற்று மேட்டில் உள்ள ஒட்டுகளை மின்பணியாளரைக் கொண்டு பிரித்துப் பார்த்து, முறுக்கிய இணைப்புகளை நீக்கி, தக்க லக் பொருத்திப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.